"சும்மாதானே இருக்கீங்க?"

"இந்த சனி ஞாயிறு என்ன பண்றீங்க?"
"ஒண்ணுமில்ல, வீட்லதான்."
"அப்ப சும்மாதானே இருக்கீங்க, கிளம்பி வாங்களேன்!"

அந்தக் கடைசி வரியைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஊருக்குப் போவது திட்டம், ஏலகிரிக்குப் போவது திட்டம், அத்தை வீட்டுக்குப் போவது கடமை. வீட்டில் இருப்பது மட்டும் "சும்மா". காலியாகக் கிடக்கும் மனைக்கு வேலி போடுவதைப்போல, யார் வேண்டுமானாலும் வந்து நம் ஞாயிற்றுக்கிழமையை வளைத்துக்கொள்ளலாம். வாரம் முழுக்க ஓடிவிட்டு இரண்டு நாள் வீட்டில் இருப்போம் என்று சொன்னால் அது சோம்பேறித்தனம், பாசமில்லாத்தனம், "மெட்ராஸ் போயி மாறிட்டாங்க".

ஒருதடவை உட்கார்ந்து மணிக்கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை, சொந்த ஊர் உசிலம்பட்டி என்று வையுங்கள். வெள்ளி மாலை ஆறு மணிக்கு சோழிங்கநல்லூரில் கிளம்பினால் மேடவாக்கம், தாம்பரம், பெருங்களத்தூர் கடந்து கிளாம்பாக்கம் போகவே இரண்டு மணி நேரம். மெட்ரோவில் போகலாம் என்றால் அது விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. ஒன்பதரைக்கு பஸ். கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் டோல் என்று செங்கல்பட்டு தாண்டும்வரை ஊர்வலம்தான். மதுரை கிட்டத்தட்ட 460 கிலோமீட்டர். மாட்டுத்தாவணியில் இறங்கும்போது காலை ஆறரை. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஆரப்பாளையம், ஆரப்பாளையத்தில் இன்னொரு பஸ். வீட்டு வாசலை மிதிக்கும்போது எட்டரை மணி. பதினாலரை மணி நேரம் ஆச்சு.

திரும்பி வரும் கதை இன்னும் மோசம். ஞாயிறு மாலை ஆறரைக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ராத்திரி பஸ், திங்கள் விடிகாலை ஐந்தரைக்கு கிளாம்பாக்கம், வீடு சேர ஏழேகால். இது வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தால்தான். தொடர் விடுமுறை முடிந்து ஊரே திரும்பும் ஞாயிறு என்றால் ஆத்தூர் டோலில் ஒரு மணி நேரம், பரனூரில் ஒரு மணி நேரம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆக, சாலையில் 27 மணி நேரம், ஊரில் 34 மணி நேரம். அந்த 34-இல் சனிக்கிழமை காலை அசந்து தூங்கியது மூன்று மணி, இரவுத் தூக்கம் எட்டு. "வந்தவங்க தலையக் காட்டலன்னு நாளைக்குப் பேச்சு வரும்" என்று சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு, பங்காளி வீடு என மூன்று வீட்டில் காபி குடிக்க ஆறு மணி. ஞாயிறு நாலு மணிக்கே மூட்டை கட்டும் வேலை தொடங்கிவிடும். யாரைப் பார்க்கப் போனோமோ அந்த அம்மாவோடு உட்கார்ந்து பேச என்ன மிஞ்சியது? அவர் பாதி நேரம் அடுப்படியில். நாம் பாதி நேரம் தூக்கக் கலக்கத்தில். "வந்ததும் தெரியல, போனதும் தெரியல" என்று கடைசியில் அவர்தான் கண் கலங்குகிறார். இந்தப் பயணத்தால் அவருக்கும் நிறைவில்லை.

வாங்கிய அடி எப்படிப்பட்டது என்று திங்கள் காலையில்தான் தெரியும். மாவு இல்லை!

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் மாவு அரைத்துப் பார்த்ததில்லை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஊறப்போட வேண்டும். ஏழு மணிக்கு கிரைண்டரில் உளுந்து, குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரை மணி நேரம். அவசரத்தில் மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றினால் உளுந்து பொங்கி வராது, இட்லி கல்லாகும். பிறகு அரிசி. உப்புப் போட்டு, கையால் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் மூடி வைத்தால் மே மாதத்தில் எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழியில் பன்னிரண்டு மணியும் ஆகும். இந்தச் சங்கிலி ஞாயிறு மதியம் மூன்று மணிக்குத் தொடங்குகிறது. அந்த மூன்று மணிக்கு யாராவது வீட்டில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் திங்கள் காலை ரவை உப்புமா, செவ்வாய் பாக்கெட் மாவு, புதன் பிரெட், வியாழன் வெளியில் வாங்கிய பொங்கல். ஒரு வாரத்தின் காலைச் சாப்பாடு மொத்தமும் ஞாயிறு மதியத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மாவோடு முடிந்ததா? வெள்ளிக்கிழமை கழற்றிப்போட்ட யூனிஃபார்ம் சனிக்கிழமை துவைத்திருக்க வேண்டும். வெள்ளை ஷூ காய ஒரு முழுப் பகல் வெயில் வேண்டும், ராத்திரியில் காயாது. தயிருக்கு உறை ஊற்றவில்லை, தண்ணி கேன் சொல்லவில்லை, காய்கறிக் கூடையில் நாலு வாடிய பீன்ஸ். எலக்ட்ரீஷியனும் வாட்டர் ஃபில்டர் சர்வீஸ்காரரும் வர முடிவது சனிக்கிழமைதான். பாங்க்கில் ஒரு வேலை என்றால் முதல், மூன்றாம், ஐந்தாம் சனிக்கிழமைகளில்தான் வழி, இரண்டாவதும் நாலாவதும் விடுமுறை. இதில் ஊரிலிருந்து வந்த மூட்டை வேறு! அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுத்த முருங்கைக்காயும் கீரையும் பலாச்சுளையும் அன்றைக்கே பிரித்து ஆய்ந்து வைக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை அழுகும். அழுகியதைக் குப்பையில் போடும்போது வரும் வேதனை தனி. இரண்டு ராத்திரி பஸ்ஸில் முதுகு நோக உட்கார்ந்து வந்த உடம்பு திங்கள் இரவு பத்து மணிக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறது. யார் உடம்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "சும்மாதானே இருக்கீங்க" என்று போன் செய்பவர்களுக்கும் அது தெரியும்.

அடுத்தது இந்த "ஒரு ட்ரிப் அடிச்சிட்டு வரலாம்" கூட்டம். சென்னையில் இருந்து கொடைக்கானல் 500 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு இரண்டு நாள் போதும் என்று எப்படித்தான் வாய் வருகிறதோ! ஓட்டலில் செக் இன் மதியம் பன்னிரண்டுக்கோ இரண்டுக்கோ, செக் அவுட் மறுநாள் பத்து, பதினொன்று. ஒரு நாள் வாடகை கொடுத்துவிட்டு இருபத்துச் சொச்சம் மணி நேரம் அறையில் இருக்கிறோம், அதில் பாதி தூக்கம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். மலை தாங்கவில்லை என்பதால்தான் உயர் நீதிமன்றம் அப்படிச் சொன்னது. அந்தத் தாங்காத கூட்டத்தில் போய் நாமும் ஒரு வண்டியாக நிற்பதற்குப் பெயர் ஓய்வாம்.

எல்லாவற்றிலும் கொடுமை, இரண்டையும் சேர்த்துச் செய்வது. "ஊருக்குப் போறோம்ல, அப்படியே கொடைக்கானலும் பாத்துட்டு வந்துரலாம்." வத்தலக்குண்டில் இருந்து மேலே ஏறவே இரண்டு, இரண்டரை மணி நேரம். சீசன் ஞாயிறு என்றால் சில்வர் காஸ்கேட் பக்கத்திலேயே வண்டிகள் ஊர ஆரம்பிக்கும். காலையில் வயிறு நிறைய எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிள்ளைகள் பின் சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டே வருவார்கள், நாலாவது வளைவில் வாந்தி. கண் அசையாத திரையைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வளைவை உணர்கிறது, இரண்டும் முரண்படுவதால்தான் குமட்டல். இரண்டு இட்லியோடு நிறுத்தி, போனை வாங்கி வைத்து, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொன்னாலே பாதி குறையும். அதைச் செய்ய யாருக்கு நிதானம் இருக்கிறது? மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்தால், மதியச் சாப்பாட்டைச் சமைத்து மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் ஒரு அம்மா. அவருடைய 34 மணி நேரத்தில் இருந்து ஒன்பது மணி நேரத்தைப் பிடுங்கி மலைக்குக் கொடுத்திருக்கிறோம். இதை மன்னிக்கவே முடியாது.

உள்ளூர்ச் சொந்தம், விசேஷம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு "நாளைக்கு மத்தியானம் ஆறு பேர் வர்றோம், சிம்பிளா சாப்பாடு போதும்" என்று சொல்லாதீர்கள். ஆறு பேருக்கு முக்கால் கிலோ அரிசி, சாம்பார், ரசம், இரண்டு பொரியல், அப்பளம். சிம்பிளான சாப்பாட்டுக்கே நாலு மணி நேர வேலை, கழுவ ஒன்றரை மணி. வியாழக்கிழமை சொல்லுங்கள், அல்லது மாலை டீக்கு வாருங்கள். ஆவணி, தை, வைகாசியில் ஒரே ஞாயிற்றில் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து விழும். குடும்பமே எல்லாவற்றுக்கும் ஓட வேண்டும் என்று எந்த சாஸ்திரமும் இல்லை, ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு போகலாம். பிள்ளைகள் ஒருவரோடு வீட்டில் இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை இரண்டு நாள் ஊருக்கு ஓடுவதை நிறுத்துங்கள். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை, வெள்ளியோ திங்களோ ஒரு நாள் லீவு சேர்த்து மூன்று நாளாகப் போங்கள். பயண நேரம் அதே 27 மணிதான், ஆனால் ஊரில் இருப்பது 34-இல் இருந்து 58 ஆகிறது. திரும்பும்போது ராத்திரி வண்டியே வேண்டாம். வைகை எக்ஸ்பிரஸ் காலையில் மதுரையில் கிளம்பி மதியத்துக்கு மேல் எழும்பூர் வந்துவிடும். தேஜஸ் மதியம் கிளம்பி ராத்திரி வந்து சேரும். ஊரில் சில மணி நேரம் குறையும், அதற்குப் பதில் சொந்தக் கட்டிலில் தூங்கி எழுந்து திங்களைப் பார்க்கலாம். கைக்குழந்தையும் பள்ளிப் பிள்ளையும் உள்ள வீட்டில் இதில் பேரம் பேசவே கூடாது. ரயிலில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் முன்புதான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. அதைத் தவறவிட்டுவிட்டு முந்தின நாள் பத்து மணிக்கு ஏசி தட்கல், பதினொன்றுக்கு ஸ்லீப்பர் தட்கல் என்று அலுவலகத்தில் உட்கார்ந்து அடித்துக்கொள்வது வாராவாரம் நடக்கிறது. கிடைத்த உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணமும் வராது.

கிளம்புவதற்கு முந்தின இரவே மாவை அரைத்து, உப்புப் போடாமல், புளிக்க விடாமல், மூடி போட்ட பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் மிகக் குளிர்ந்த தட்டில் வைத்துவிடுங்கள். வந்த இரவு வெளியே எடுத்து உப்புக் கலந்து வையுங்கள். குளிர் விட்டுப் புளிக்க வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும், அதனால் திங்கள் காலைக்குத் தோசைதான், இட்லி செவ்வாய்க்கு. யூனிஃபார்ம் மூன்று செட் இருக்கட்டும். ஊர் மூட்டையில் தேங்காய், பருப்பு, வத்தல், பொடி போதும், கீரையும் பழமும் வேண்டாம் என்று முன்கூட்டியே அம்மாவிடம் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சுற்ற ஆசையா, தாராளமாகப் போங்கள். ஆனால் மூன்று நாள் கையில் இல்லாமல் மலை ஏறாதீர்கள். அரை நாள் இடங்கள் போதாதா? காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மாமல்லபுரம் சென்னையில் இருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர், வெயில் ஏறுமுன் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்கு வீடு. நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை வேடந்தாங்கல். மூன்று மணிக்கு அரிசி ஊறப்போட ஆள் இருக்கும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நெஞ்சு ஆறாது. ஊர், ஊர் என்கிறோமே, அது யார் ஊர்? தொண்ணூறு சதவீத வீடுகளில் அது புருஷன் ஊர் என்றுதான் அடித்துச் சொல்வேன். மனைவியின் பிறந்த வீடு திருவாரூரிலோ தஞ்சாவூரிலோ இருந்தால், "போற வழியில ஒரு மணி நேரம் எட்டிப் பாத்துக்கலாம்" என்பதோடு சரி. அவளுடைய அம்மாவுக்கும் கண் பார்வை மங்கிக்கொண்டுதான் வருகிறது, அவரும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். மாவு அரைப்பதும் மூட்டை பிரிப்பதும் அவள், லீவு போட்டுக் கூட வருவதும் அவள், கடைசியில் அவள் வீட்டுக்குத்தான் நாள் இல்லை. ஒரு தடவை இந்த ஊர், அடுத்த தடவை அந்த ஊர் என்று வருஷத் தொடக்கத்திலேயே காலண்டரில் பேனாவால் எழுதுங்கள், பென்சிலால் வேண்டாம். இந்தத் தீபாவளி உசிலம்பட்டி என்றால் பொங்கல் திருவாரூர். ஜனவரி 12 ராத்திரி வண்டிக்கு முன்பதிவு நவம்பர் 13 காலை எட்டு மணிக்குத் திறக்கும். அன்றைக்கு எட்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே லாகின் பண்ணி, பயணிகள் பட்டியலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார வேண்டியது புருஷன்.