கால் பிடிக்காதவர்கள் பெடிக்யூரில் கை வைக்காதீர்கள்

கால் பிடிக்கவில்லையா? சரி, அதில் ஒரு தப்பும் இல்லை. ரத்தத்தைப் பார்த்தால் சிலருக்கு மயக்கம் வரும், பல்லியைப் பார்த்தால் சிலருக்கு உடம்பு கூசும். அடுத்தவர் காலைத் தொடுவது உங்களுக்கு ஆகாது, அவ்வளவுதானே? ஆனால் பார்லர் வாசலில் விலைப்பட்டியல் ஒட்டி, அதில் பெடிக்யூரிலேயே, அதாவது கால் பராமரிப்பிலேயே, சாதா, ஸ்பா, டீலக்ஸ் என்று மூன்று வகை போட்டு, காசையும் வாங்கிக்கொண்டு, வந்து உட்கார்ந்தவர் காலைப் பார்த்து முகம் சுளிக்க உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

தம்பி கல்யாணத்துக்காக அம்மாவைப் பார்லருக்குக் கூட்டிப் போயிருந்தேன். அந்தப் பக்கமே போகாதவர் அம்மா. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் ஈரத்தரையில் நின்று நின்றே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு. "எனக்கெதுக்குடி இந்த வயசுல" என்று மறுத்தவரை நானும் சித்தியும் கெஞ்சிக் கூத்தாடி வரவைத்தோம். முதல் நாள் ராத்திரி அவரே உட்கார்ந்து கால் நகத்தை எல்லாம் வெட்டிக்கொண்டார். பார்லர்காரர்கள் ஒன்றும் சொல்லிவிடக் கூடாதாம்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலை நீட்டினார். அந்தப் பெண் பார்த்தாள். மூக்கு சுருங்கியது, உதடு கோணியது, தலை தானாகப் பின்னால் போனது. முகத்தில் ஏற்கெனவே மாஸ்க் இருந்தது, அதன் மேல் இன்னொன்றை எடுத்து மாட்டினாள். அப்புறம் கூட வேலை பார்க்கிறவளைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, இத நீ பாரேன்" என்றாள். "இத" என்கிறாள்! அங்கே உட்கார்ந்திருப்பது ஒரு மனுஷி! அந்த அக்காவோ ஐபுரோவிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் இவள் ஒரு டிஷ்யூவை எடுத்தாள். அம்மாவின் கட்டைவிரலை அந்த டிஷ்யூவோடு இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி டப்பில் போட்டாள். வைக்கவில்லை, போட்டாள். தண்ணீர் புடவை விளிம்பு வரை தெறித்தது.

அதோடு விட்டாளா? "ஆன்ட்டி, வீட்ல காலத் தேய்க்கவே மாட்டீங்களா?" அம்மா பதில் சொல்லவில்லை. புடவையை மெதுவாகக் கீழே இழுத்து, டப்பில் இருந்த காலையே மறைக்கப் பார்த்தார். ஈரத்தில் கொசுவம் நனைவதுகூட அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

கால் விஷயம் தெரிந்த யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. முகத்தைப் போல அங்கே தோல் தானாக மெருகேறாது. குதிகால் தோல் இயல்பிலேயே தடிமன். வருஷக்கணக்காகத் தண்ணீரில் ஊறி ஊறிக் காய்ந்தாலோ, உடம்பின் கனம் மொத்தமும் நாள் முழுக்க அதன் மேல் இறங்கினாலோ வெடிக்கத்தான் செய்யும். அதற்குப் பெயர் அழுக்கு இல்லை. உழைத்த கால் அப்படித்தான் இருக்கும். பெடிக்யூர் என்று ஒன்று இருப்பதே அந்தக் காலுக்காகத்தான். பஞ்சு மாதிரி இருக்கிற கால்தான் வர வேண்டும் என்றால் உங்களுக்கு அங்கே என்ன வேலை?

மெட்டியைக் கழற்றச் சொன்னாள். அம்மா கழற்ற மாட்டார், கழற்றவும் வராது, விரலோடு பதிந்துவிட்டது. கொஞ்சம் தள்ளிவிட்டு அடியில் இருக்கிற அழுக்கை எடுப்பது ஒரு பெரிய வித்தையா? மெட்டி இருந்த விரலைத் தொடவே இல்லை. விரல் இடுக்குகளை ஒப்புக்குக்கூடத் துடைக்கவில்லை. பாலீஷ் மட்டும் போட்டாள், அதுவும் கையை நீட்டி எட்டத்தில் இருந்து. பாதி பாலீஷ் தோலில்.

இதெல்லாம் மரியாதை பற்றிய பேச்சு. ஆபத்து வேறு இருக்கிறது. அருவருப்போடு வேலை செய்கிறவர்களுக்கு எப்போதும் அவசரம். சீக்கிரம் முடித்துவிட்டு எழுந்தால் போதும். பியூமிஸ் கல்லால் பொறுமையாகத் தேய்க்க வேண்டிய இடத்தில் அந்தப் பெண் பிளேடை எடுத்துவிட்டாள். காய்கறித் தோல் சீவுவது போல ஒரே இழுப்பு! நான் கத்திய பிறகுதான் நிறுத்தினாள். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அதை ஒருத்தர் கேட்கவில்லை, நாங்கள் சொல்வதற்கும் இடம் கொடுக்கவில்லை. 2023இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், தண்ணீர் சுட்டாலும் தெரியாது, பிளேடு கீறினாலும் தெரியாது. கீறியது ஆறாமல் புண்ணாகி, புண் எலும்பு வரை போய், விரலையே எடுக்க வேண்டி வந்த கதை எந்த ஊரில் இல்லை? நாற்காலியில் உட்காரும் முன்பே "சுகர் இருக்காம்மா?" என்று கேட்பதற்கு என்ன செலவு?

அந்த டப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உள்பக்கம் ஒரு சாம்பல் நிறக் கோடு, முந்தைய ஆளின் கால் ஊறிய அடையாளம். காலைத் தொடவே கூசுகிறவர்கள், கால் ஊறிய டப்பை மட்டும் தேய்த்துக் கழுவுவார்களா? தண்ணீரைக் கொட்டுவார்கள், புதுத் தண்ணீரை ஊற்றுவார்கள், முடிந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், வாட்சன்வில் என்ற ஊரில் ஒரே ஒரு நகப் பராமரிப்புக் கடைக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் கட்டி கட்டியாக வந்தது. காரணம், கால் ஊறவைக்கும் சுழல்நீர்த் தொட்டி. வடிகட்டிக்குப் பின்னால் முடியும் தோல் துகளும் சேர்ந்து கிருமி வளர்ந்திருந்தது. யாரும் அதைக் கழற்றிப் பார்க்கவில்லை. அருவருப்பு எங்கே வேண்டுமோ அங்கே இருப்பதில்லை!

அந்தப் பெண் மேல் மட்டும் பாய்வதும் நியாயமில்லை. அவளுக்கு திரெடிங் நன்றாக வரும், ஃபேஷியல் செய்யும்போது கை அவ்வளவு பக்குவமாக இருக்கும், நானே பார்த்திருக்கிறேன். கால் வேண்டாம் என்று அவள் சொல்லியிருப்பாள். "கல்யாணப் பொண்ணு பேக்கேஜ்ல பெடிக்யூர் இல்லன்னா எவ வருவா?" என்று ஓனரம்மா உட்காரவைத்திருப்பார். என் கோபம் அந்த ஓனரம்மா மேல்தான். மெனிக்யூர், பெடிக்யூருக்கென்றே தனியாகத் திறன் பயிற்சி இருக்கிறது. அதைப் படித்த ஒருத்தரை வேலைக்கு வையுங்கள். முடியாதா, பலகையில் இருந்து அந்த வரியை அழியுங்கள். "எங்களிடம் பெடிக்யூர் இல்லை" என்று சொன்னால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப் போவதில்லை. நாங்கள் அடுத்த தெருவுக்குப் போவோம்.

ஏனென்றால் இதை ஆசையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பழைய வீட்டுப் பக்கம் ஒரு அக்கா, சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்து, குதிகாலை மடியில் டவல் விரித்து வாங்கிக்கொள்வார். தண்ணீரில் முதலில் தன் முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார். வெடிப்பு அதிகமாக இருந்தால் அவருக்கு முகமே மலர்ந்துவிடும், "ரெண்டு தடவ வாங்க, சரி பண்ணிடுறேன்" என்பார். அவ்வளவு ஏன், அரசு மருத்துவமனைக் கட்டுப்போடும் அறையில் சீழ் பிடித்த காலைக் கையில் ஏந்தித் துடைக்கிற நர்ஸுகளைப் பாருங்கள். உங்களுக்குப் பித்தவெடிப்பு குமட்டுகிறதா?

கடைசியில் பில் போடும்போது ஓனரம்மா சிரித்துக்கொண்டே, "ஆன்ட்டிக்கு டேன் ரிமூவலும் சேத்துப் பண்ணிருக்கலாம், கூகுள்ல அஞ்சு ஸ்டார் போட்டுருங்க" என்கிறார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கல்யாணத்துக்குக் கால் மூடிய செருப்புதான் போடுவாராம்.

அந்தச் செருப்பாவது கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு, கேட்டு எத்தனை கடை ஏறினோம்! பெண்கள் அளவில் கேட்டால் கருப்பு, இல்லையென்றால் காவி நிறம், பார்த்தாலே ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிற வார். பட்டுப்புடவைக்குப் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு எம்.சி.ஆர். செருப்பை வாங்கி வைக்க நாங்கள் ஏறிய கடைகளில் ஒன்றுக்குக்கூடவா தோன்றவில்லை?