மூச்சைப் பிடிக்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை

ஞாயிற்றுக்கிழமை நம் அத்வைத சத்சங்கத்தில் நடந்ததை முழுக்க விவரிக்கப் போவதில்லை. வந்தவர்கள் பார்த்தீர்கள், வராதவர்கள் காதுக்கும் இதற்குள் எட்டியிருக்கும். கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி. விடிகாலையில் மூச்சுப் பயிற்சியும் ஜபமும் முடித்து எழும்போது இருக்கிற தெம்பு மதியத்துக்குள் கரைந்துவிடுகிறதே, அதை எப்படித் தக்கவைப்பது? மேடையில் இருந்தவர் புன்னகையோடு, "தெம்பு யாருக்கு?" என்றார். பதில் சொல்லாமல், அதை உணர்கிற 'நான்' யார் என்று கேள்வியைத் திருப்பிவிடுகிற வித்தை அது. கூடமே சிரித்தது. அக்கா கையில் வைத்திருந்த நோட்டை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கடைசிவரை அந்த நோட்டு வெளியே வரவில்லை.

எனக்கு அத்வைதத்தோடு சண்டை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டற்றது ஒன்றுதான் உண்மை என்றால் இருக்கட்டும், சந்தோஷம். ஆனால் அதை விசாரித்து அறிவதற்கும் ஒரு திராணி வேண்டும். நாலு பக்கமும் இழுபடுகிற மனதை வைத்துக்கொண்டு கண்ணை மூடி 'நான் யார்' என்று கேட்டால் பெரும்பாலும் தூக்கம்தான் வரும். தூக்கம் வராதவர்களுக்குப் பேச்சு வரும். அந்தப் பேச்சைத்தான் நாம் ஞாயிறுதோறும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உடனே ரமணரைக் கொண்டுவந்து நிறுத்துவீர்கள், தெரியும். அவருக்கு 1896இல் மதுரையில், பதினாறு வயதில், எந்தச் சாதனையும், அதாவது பயிற்சியும், இல்லாமல் ஞானம் கிடைத்ததே என்பீர்கள். கிடைத்தது. அவர் ரமணர். நீங்கள் யார்? (இந்தக் கேள்வியை நானும் கேட்கலாம் அல்லவா?) அந்த அனுபவத்துக்குப் பிறகு திருவண்ணாமலைக்குப் போய், பாதாள லிங்கக் குகையில் பூச்சி அரித்ததுகூடத் தெரியாமல் கிடந்தாரே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை? பின்னாளில் ஆசிரமத்தில் விடியுமுன் எழுந்து அடுக்களையில் காய் நறுக்கியவர், தானும் கிரிவலம் வந்து மற்றவர்களையும் வரச் சொன்னவர் அதே ரமணர்தான். அவர் எழுதிய உபதேச உந்தியாரில் முப்பதே பாடல்கள். அதில் பற்றில்லாத செயல், பூசை, ஜபம், தியானம், அப்புறம் மூச்சு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்துதான் 'நான் யார்' என்கிற விசாரத்துக்கு வருகிறார். மூச்சை அடக்கினால் மனம் ஒடுங்க மட்டுமே செய்யும், அழியாது என்றும் சொல்கிறார். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒடுங்கவே ஒடுங்காத மனதோடு அழிவைப் பற்றி என்ன பேச்சு?

சங்கரர் இன்னும் கறாரானவர். நிலையானது எது என்று பிரித்தறியும் விவேகம், பற்றறுத்த வைராக்கியம், மனதை அடக்கும் சமம், புலன்களை அடக்கும் தமம் முதலான ஆறு சம்பத்து, விடுதலைக்கான தீராத ஏக்கமாகிய முமுட்சுத்துவம் என்று நான்கு தகுதிகளைக் கேட்கிறது அந்த மரபு. இந்த நான்கும் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை எத்தனை கை எழுந்திருக்கும்? சிரிக்க மட்டும் எந்தத் தகுதியும் தேவைப்படவில்லை.

திருமூலரைப் பாருங்கள். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில், அதாவது மூன்றாம் பகுதியில், மூச்சை இழுக்கும் பூரகம் 16, உள்ளே நிறுத்தும் கும்பகம் 64, வெளியே விடும் ரேசகம் 32 மாத்திரை நேரம் என்று கணக்குச் சொல்கிற அதே மனிதர்தான் எட்டாம் தந்திரத்தில் தத்துவமசி, 'நீயே அது' என்பது வரை போகிறார். உடம்பை இழுக்கென்று இருந்தவன், உள்ளே உறுபொருளைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கினேன் என்கிறார். இந்த இரண்டையும் அவர் சண்டைக்கு விடவில்லை. விட்டது நாம்தான்.

என் கதையும் கொஞ்சம். என் மாமியார் படுக்கையில் விழுந்த காலம் அது. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியும்தான். அலாரம் அடித்து எழுந்து போனால் சில சமயம் அத்தை என்னை யாரென்று தெரியாமல் கையைத் தட்டிவிடுவார், திட்டுவார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அந்த நேரத்தில் அவர் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்து, மூச்சை இழுக்கும்போது தூக்கி, விடும்போது மெதுவாகச் சாய்த்து, வாய்க்குள் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே செய்வேன். பெரிய கும்பகமெல்லாம் கிடையாது. குரு இல்லாமல் மூச்சை அடக்கிப் பார்க்காதே என்று எனக்குச் சொல்லித்தந்தவர் எச்சரித்திருந்தார், நானும் அடக்கியதில்லை. ஆனால் கை பதறாது, வாயில் கடுஞ்சொல் வராது, திரும்பிப் படுத்தால் தூக்கமும் வரும். இதற்கு என்ன பெயர் வைப்பீர்களோ வைத்துக்கொள்ளுங்கள். நான் சக்தி என்கிறேன்.

அந்தச் சமயத்தில் என்னிடமும் ஒரு பெரிய மனிதர், "இதெல்லாம் ஆரம்பப் பள்ளி அம்மா, மேலே வாருங்கள்" என்றார். மேலே போயிருந்தால் அத்தையை யார் புரட்டுவது?

சித்தி ஆசை, அதாவது அற்புத சக்திகள் மேல் ஆசை, வந்துவிடும், அகங்காரம் வளரும் என்று ஒரு வாதம் உண்டு. வரலாம். 'நான் செய்பவன் அல்ல' என்று மேடையேறிச் சொல்வதிலும் அகங்காரம் வளரும், நன்றாகவே வளரும். உடம்புக்குள் உறங்குவதாகச் சொல்லும் குண்டலினி சக்தியை எழுப்புவது ஆபத்து என்பீர்கள். முரட்டுத்தனமாகச் செய்தால் ஆபத்துதான். அந்த அக்கா குண்டலினியை எழுப்பித் தரச் சொல்லிக் கேட்கவில்லை, மதியம்வரை தெம்பாக இருக்கத்தான் வழி கேட்டார். அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது: பயிற்சி முடிந்ததும் சட்டென்று போனைக் கையில் எடுக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள், வெட்டிப் பேச்சில் எவ்வளவு போகிறது என்று கவனியுங்கள், மதியம் ஒருமுறை பத்து நிமிஷம் உட்காருங்கள், முக்கியமாகப் போதுமான அளவு தூங்குங்கள். இதைச் சொல்ல ஞானியாக இருக்க வேண்டியதில்லை. கேட்டவரை மதித்தால் போதும்.

"அது அவமானம் இல்லை, அதுதான் உபதேசம், கேள்வியையே திருப்பிவிடுவது மரபு" என்று இன்று காலை ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். சரி ஐயா. போன மாதம் கூடத்தில் மின்விசிறி ஓடாமல் போனபோது "புழுக்கம் யாருக்கு?" என்று யாரும் கேட்கவில்லையே? எலக்ட்ரீஷியனுக்குத்தானே போன் போட்டார்கள்? உங்கள் உடம்புக்கு வந்தால் நிஜம், ஒரு பெண் உடம்புக் களைப்பைச் சொன்னால் மாயையா?

எழுத எழுத எனக்கு இன்னொன்றும் உறைக்கிறது. 'செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று நிம்மதியாகச் சொல்ல முடிகிறவர்கள் யார்? யாரோ துவைத்து மடித்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான். துவைக்கிறவளுக்குச் செய்ய இருக்கிறது, விடிந்தால் மறுபடியும் இருக்கிறது. அவளுடைய சாதனை அந்த வேலைக்கு நடுவில்தான் நடந்தாக வேண்டும். அதைக் கீழ்ப்படி என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

வள்ளலார் 1867இல் வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறு போடத் தருமச்சாலை தொடங்கினார். மோட்ச வீட்டின் திறவுகோல் ஜீவகாருண்யம், உயிர்களிடம் காட்டும் இரக்கம், என்றார். ஞானத்தில் அவர் உங்களைவிடக் குறைந்தவர் இல்லையே? பசியோடு வந்தவரிடம் "பசி யாருக்கு?" என்று கேட்டுச் சிரிக்கவா அந்த அடுப்பைப் பற்ற வைத்தார்? சிரித்தவர்கள் யாராவது இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அத்வைத விளக்கம் அனுப்ப வேண்டாம், ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது.