பகாசுரன் வண்டிச் சோறும் பத்து ராத்திரிக் கூத்தும்

போன வாரம் ஊர்ல திருவிழாக் கூட்டம் போட்டாங்க, நான் சென்னைல இருந்ததால தம்பி ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு விட்டான், முழுசாக் கேட்டேன். ரெண்டு முடிவு எடுத்திருக்காங்க. பத்து நாளும் மதியம் அன்னதானம் உண்டு, பத்து நாளைக்கும் உபயதாரர் கிடைச்சாச்சு, ஒருத்தர் அரிசி ஒருத்தர் பருப்பு ஒருத்தர் கேஸ்னு போட்டி போட்டு எழுதியிருக்காங்க. ரெண்டாவது முடிவு, பத்து ராத்திரிக் கூத்து இந்த வருஷம் ரெண்டு ராத்திரியாம். "யாருப்பா இப்ப விடிய விடிய உக்காந்து பாக்குறாங்க, அந்தக் காசுக்கு நாலு பேருக்கு சோறு போட்டா புண்ணியமாவது கிடைக்கும்"னு ஒரு பெரியவர் சொன்னாரு. எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, அதான் இங்க எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

எங்க பக்கத்து விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், ராணிப்பேட்டை இந்தப் பக்கமெல்லாம் திரௌபதி அம்மன் கோயில் இருக்கற ஊர்ல அக்னி வசந்த விழான்னு நடக்கும். மதியம் பாரதப் பிரசங்கம், ராத்திரி அதே கதை தெருக்கூத்தா ஆடுவாங்க. பத்து மணிக்கு மேல திரை பிடிச்சு ஆரம்பிச்சா காலைல வெளிச்சம் வர்ற வரைக்கும் போகும். கடைசி நாள் காலைல படுகளம், மண்ணுல பெருசா துரியோதனனைப் படுக்க வச்ச மாதிரி செஞ்சிருப்பாங்க, அன்னிக்குத்தான் பாஞ்சாலி கூந்தல் முடிவா, சாயந்திரம் தீமிதி. இதுல எதுக்கும் டிக்கெட் கிடையாது, எந்த ஊர்க்காரனும் வந்து உக்காரலாம்.

இதுல பகாசுரன் வதம்னு ஒரு நாள் வரும். ஏகசக்கரபுரத்துல அந்த அரக்கனுக்கு தினம் ஒரு வண்டி சோறும் ஒரு ஆளும் அனுப்பணும், ஒரு வீட்டு முறை வரும்போது குந்தி தன் பிள்ளை பீமனை அனுப்புவா, அவன் போற வழிலயே சோத்தை எல்லாம் தின்னுட்டு அரக்கனைக் கொன்னுடுவான், இதுதான் கதை. ஆனா எங்க ஊர்ல இது மேடைல நடக்காது, தெருவுலதான் நடக்கும். சாயந்திரம் நாலு மணி வாக்குல மாட்டு வண்டி கிளம்பும் (இப்ப டிராக்டர்), பீமன் வேஷக்காரர் தலைல கிரீடம் தோள்ல புஜக்கட்டை எல்லாம் கட்டிக்கிட்டு கையில கதாயுதத்தோட நடுவுல உக்காந்திருப்பார். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் வண்டி நிக்கும். பொம்பளைங்க தூக்குல சோறு, சொம்புல சாம்பார், வடை, முறுக்கு, வாழைப்பழ சீப்புன்னு கொண்டு வந்து ஏத்துவாங்க. பீமன் ஒரு வாய் தின்பார், ஒரு பிடி உருட்டி கூட்டத்துக்குள்ள வீசுவார், பசங்க நாங்க வண்டி பின்னாடியே ஓடுவோம். எங்க அம்மா அன்னிக்கு மட்டும் எலுமிச்சம்பழ சோறு கிளறி ஒரு படி பாத்திரம் நிறைய எடுத்துட்டு வாசல்ல நிப்பாங்க, எங்க வீட்டுக்கு முன்னாடி வண்டி வந்து நின்னதும் பீமன் அந்தப் பாத்திரத்துலயே கையை விட்டு ஒரு கவளம் எடுத்து வாய்ல போட்டுட்டு அம்மாவைப் பாத்து ஒரு தலையாட்டல். மூக்கு நுனில அரிதாரம் வேர்வைல கரைஞ்சு சொட்டும், மீசைல ஒரு பருக்கை ஒட்டியிருக்கும். அம்மா அந்தத் தலையாட்டலை வருஷம் முழுக்க சொல்லிட்டு இருப்பாங்க.

அரக்கன் செத்ததும் வண்டில மிச்சம் இருக்கற சோறெல்லாம் கோயில் வாசல்ல கொட்டிக் கலந்து கையில கையில குடுப்பாங்க. முப்பது நாப்பது வீட்டுச் சோறு, புளிச்சோறும் தயிர்சோறும் சாம்பாரும் ஒண்ணாக் கலந்தது, அந்த ருசி வேற எந்த சாப்பாட்டுலயும் எனக்கு வந்ததே இல்ல. அதைத் தின்னுட்டு அப்படியே பாயை விரிச்சு இடம் பிடிச்சு ராத்திரிக் கூத்துக்கு உக்காந்துடுவோம். இப்ப சொல்லுங்க, இதுல எது அன்னதானம் எது கூத்து? எங்க பிரிச்சு ரெண்டு கணக்கா எழுதுவீங்க?

சோறு போடறதை நான் குறை சொல்லவே இல்ல. வடலூர்ல வள்ளலார் 1867 மே 23ல ஏத்தி வச்ச அடுப்பு இன்னிக்கும் அணையாம எரியுது, அதை நினைச்சா எனக்கு கை எடுத்துக் கும்பிடத்தான் தோணும். 2002ல இருந்து அறநிலையத்துறை கோயில்கள்லயும் மதியம் அன்னதானம் நடக்குது, அதுல எத்தனையோ பேரு பசியாறறாங்க. ஆனா எங்க ஊர் மதிய பந்திய நான் மூணு வருஷமா கவனிச்சிட்டு வர்றேன். டோக்கன், க்யூ, பாக்குமட்டை தட்டு, உபயதாரர் பேர் போட்ட ஃப்ளெக்ஸ், பத்து நிமிஷத்துல தின்னுட்டு பைக்கை எடுத்துட்டுப் போயிடறாங்க. பக்கத்துல உக்காந்து தின்னவன் யாருன்னு கூட பாக்கறது இல்ல. கூத்துக்கு முன்னாடி சாப்பிடற ராத்திரி சாப்பாடு அப்படி இல்லைங்க. தின்னுட்டு உடனே எழுந்து போக யாருக்கும் மனசு வராது, ஏன்னா அடுத்து கூத்து இருக்கு. மிருதங்கம் தட்டிப் பாக்கற சத்தம் கேட்டுக்கிட்டே ரசம் வாங்குவோம், பக்கத்து ஊர்ல இருந்து நடந்து வந்தவங்ககிட்ட "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க, விடியறவரைக்கும் தாங்கணும்"னு சொல்லுவோம்.

நாங்க புதுசா கண்டுபிடிச்சது எதுவும் இல்ல இது. பத்துப்பாட்டுல மலைபடுகடாம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு இன்னொரு பேரே கூத்தராற்றுப்படை. 583 அடி. பரிசு வாங்கிட்டுத் திரும்பற ஒரு கூத்தன் எதிர்ல வர்ற கூத்தர் கூட்டத்துக்கு நன்னன்ங்கற குறுநில மன்னனோட ஊருக்கு வழி சொல்றான், வழின்னா ரோடு மட்டும் இல்ல, எந்த எந்தக் குடியிருப்புல என்ன சோறு கிடைக்கும்ங்கறதையும் சேத்து சொல்றான். நன்னனோட ஊரு செங்கண்மா, இப்ப நம்ம செங்கம், எங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா போயிடலாம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இதே மண்ணுல கூத்தனுக்கு முன்னாடி இலை போட்டுட்டுத்தான் மத்த பேச்சு.

அதனாலதான் இதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரியுது. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பக்கத்துல ஒரு ஊருக்கு கூத்து பாக்கப் போயிருந்தேன், ஊர் பேரு வேண்டாம். ராத்திரி ஒன்பதரைக்கு ஜமா, அதான் கூத்துக் குழு, வந்து இறங்குனாங்க, பதினஞ்சு பேர், முந்தின ராத்திரி வேற ஊர்ல ஆடிட்டு நேரா வர்றாங்க. மதியப் பந்தி மிச்சம் இருக்குன்னு சொல்லி அண்டாவைத் தொறந்தா அடியில பிடிச்ச சோறு, தண்ணி விட்ட சாம்பார். அவங்களுக்கு நேரமும் கிடையாது, வேஷம் கட்டறதுக்கே ரெண்டு மணி நேரம் ஆகும், இடுப்புலயும் மார்லயும் கயிறு போட்டு இறுக்கி கட்டின பிறகு தின்னா ஆட முடியாது. அறுபது வயசுக்கு மேல இருக்கும் அந்த ஜமாவோட கூத்து வாத்தியாருக்கு, முப்பது வருஷத்துக்கு மேல துரியோதனன் ஆடறவர். ரெண்டு கை அள்ளித் தின்னுட்டு தண்ணி குடிச்சுட்டு கண்ணாடி முன்னாடி உக்காந்துட்டாரு. "என்ன வாத்தியாரே, ஒண்ணும் சாப்பிடலையே"ன்னேன். "வேஷம் கட்டிட்டா பசி தெரியாது தம்பி"ன்னாரு, நெத்தில கோடு இழுத்துக்கிட்டே. அன்னிக்கு விடிய விடிய அவர் குரல் ஒரு இடத்துலகூட இறங்கல. எனக்குத்தான் எதிர்ல உக்காந்து பாக்க முடியல.

நூத்துக்கணக்கான பேருக்கு சோறு போட்ட ஊரு அந்த பதினஞ்சு பேருக்கு சுடச்சுட ஒரு உலை வைக்க மறந்துடுச்சு. சோத்துக்கு உபயதாரர் வரிசைல நிக்கறாங்க, கூத்துக்காரங்க கூலின்னு வந்தா மட்டும் அதே ஆளுங்க ஐநூறு ஆயிரத்துக்கு பேரம் பேசறாங்க. சோத்துக்குக் குடுத்தா புண்ணியம், கூத்துக்குக் குடுத்தா செலவுன்னு எப்ப இருந்து ஆச்சு? அவங்க வீட்லயும் அந்தக் கூலிலதான் உலை கொதிக்கணும். அதுவும் மாசியில இருந்து ஆடி வரைக்கும்தான் சீசன், மத்த மாசம் கூலி வேலை, செங்கல் சூளை. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல கட்டைக்கூத்து (தெருக்கூத்துக்கு இன்னொரு பேரு) குருகுலம்னு ஒண்ணு இருந்துச்சு, பசங்களுக்கு அங்கயே தங்க இடம், சாப்பாடு, பள்ளிக்கூடப் படிப்பு, கூட கூத்துன்னு எல்லாத்தையும் ஒண்ணா வச்சு நடத்தினாங்க, பொம்பளப் பிள்ளைங்களும் கத்துக்கிட்டாங்க. 2020ல மூடிட்டாங்க.

இன்னொண்ணும் சொல்லியாகணும், இதைச் சொல்லாம விட்டா நான் எழுதினதுல பாதி பொய். நான் சின்னப் பையனா இருந்தப்ப அந்த பகாசுரன் வண்டி காலனிக்குப் போகாது. காலனி ஆளுங்க கூத்து பாக்க வருவாங்க, கடைசில புளியமரத்துக்குப் பின்னாடி உக்காருவாங்க, அவங்க வீட்டுச் சோறு வண்டில ஏறாது. எனக்கு அப்ப அது உறைக்கல, அதுக்காக இப்ப வெக்கப்படறேன். 2023 ஜூன்ல விழுப்புரம் பக்கத்துல மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில்ல பட்டியல் சாதி மக்களை உள்ள விடற பிரச்சனைல கோயிலுக்கே சீல் வச்சாங்க, ஞாபகம் இருக்கும். எங்க ஊர்ல ஆறு வருஷம் முன்னாடி பசங்க எல்லாம் சேந்து அடம் பிடிச்சு டிராக்டரை காலனித் தெருவுக்குள்ள விட வச்சோம். முதல் வருஷம் ஊர்ல நாலு வீடு கதவை சாத்திக்கிச்சு. போன வருஷம் எல்லா வீடும் திறந்துதான் இருந்துச்சு. மதிய அன்னதான க்யூல இது நடந்திருக்குமா? அங்க அவனவன் தட்டை வாங்கிட்டு அவனவன் இடத்துக்குப் போயிடுவான். எல்லா வீட்டுச் சோறும் ஒண்ணாக் கலக்கற இடம் அந்த வண்டி ஒண்ணுதான், அந்த வண்டியைக் கொண்டு வர்றது கூத்து.

மைக் பிரச்சனைன்னு சொல்றாங்க, ராத்திரி பத்துக்கு மேல ஒலிபெருக்கி கூடாது, திருவிழான்னா பன்னெண்டு வரைக்கும் அனுமதி வாங்கலாம், அதுக்கு மேல இல்ல. சரி, மைக்கை நிறுத்துங்க. இந்தக் கூத்து மைக் வர்றதுக்கு முன்னாடி இருந்து நடக்கற கூத்துதானே, முகவீணையும் (நாயனம் மாதிரி ஊதற சின்னக் குழல்) தாளமும் அந்த வாத்தியாருங்க தொண்டையும் ஒரு தெருவுக்குப் போதும். கூட்டம் இல்லைன்னு சொல்றாங்க, மதியம் சோறு போட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு ராத்திரி கூட்டம் எங்கன்னு தேடினா எப்படி வரும்?

தம்பிகிட்ட சொல்லி அடுத்த கூட்டத்துல மூணு விஷயம் வைக்கச் சொல்லியிருக்கேன். அன்னதானத்துல அஞ்சு நாளை மட்டுமாவது மதியத்துல இருந்து ராத்திரி எட்டு மணிக்கு மாத்தணும், கூத்துக் களத்துக்குப் பக்கத்துலயே கோட்டை அடுப்பு வெட்டி அங்கயே பந்தி. முதல் பந்தில ஜமா ஆளுங்க எல்லாரும், லேட்டா வந்தா அவங்களுக்குன்னு தனி உலை. சோத்துக்கு எழுதற ஒவ்வொரு உபயதாரரும் அதே நோட்டுல பக்கத்து வரில கூத்துக்கும் ஒரு தொகை எழுதணும். எங்க வீட்டு சார்புல ஒரு ராத்திரிக் கூத்தும் அன்னிக்கு ராத்திரி சாப்பாடும் நாங்க ஏத்துக்கறோம்னு சொல்லிட்டேன். அதே மாதிரி இன்னும் ரெண்டு பேரு ஃபோன் பண்ணாங்க, ஆக இப்ப ரெண்டு ராத்திரி அஞ்சு ராத்திரி ஆச்சு. இன்னும் அஞ்சு பாக்கி. ஊர்க்காரங்க, வெளியூர்ல வெளிநாட்டுல இருக்கற நம்ம பசங்க யாராவது இதைப் படிச்சா தம்பிக்கு ஃபோன் போடுங்க. பகாசுரன் அன்னிக்கு எப்படியும் லீவு போட்டுட்டு வந்துடுங்க, வரும்போது வீட்ல இருந்து ஒரு தூக்கு சோறு எடுத்துட்டு வாங்க, எந்த சோறா இருந்தாலும் சரி. அம்மா இப்பவே எலுமிச்சம்பழத்துக்கு சொல்லி வச்சாச்சு.