நாலு நூல் போல்ட்டும் ஆயிரத்து நானூறு ரூபாயும்

"ஒரு போல்ட்டுக்கு ஆயிரத்து நானூறா? கடையில நாற்பது ரூபாய்க்குத் தர்றான்ணே!"

போன மாதம் கானாடுகாத்தான் பக்கமிருந்து வந்தவர் கேட்டது. சென்னையில் இருக்கும் ஓர் ஆச்சியின் பூர்வீக வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் கேட்டதில் தப்பில்லை. இந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டேதான் 1997-லிருந்து லேத், அதாவது இரும்பைச் சுழற்றிக் கடைகிற மெஷின், ஓட்டுகிறேன். அதே நேரத்தில் இன்னொருத்தர், பத்தாவது முடித்த மகனைக் கூட்டிக்கொண்டு வந்து பட்டறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பையனை ஐ.டி.ஐ.யில் டர்னர் சேர்க்கலாமா, மெஷினிஸ்ட் சேர்க்கலாமா, இல்லை பேசாமல் டிப்ளமோவுக்கு விட்டுவிடலாமா என்று கேட்க வந்தவர். "இந்தத் தொழில்ல என்னதாங்க இருக்கு, உள்ளதைச் சொல்லுங்க" என்றார். வேலை நடுவில் அரைகுறையாகத்தான் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன், அவரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்தான்.

முதலில் அந்த போல்ட்.

வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், இருக்கும் ஊஞ்சலைத் தாங்குகிற நான்கு இரும்புக் கொக்கிகளில் ஒன்று அது. பர்மா தேக்கு உத்தரத்துக்குள்ளே நட்டைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். கீழேயிருந்து போல்ட்டைத் திருகி ஏற்ற வேண்டும். துருப்பிடித்து மரை தேய்ந்துபோனது போல்ட். நட் உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது. அதை வெளியே எடுக்க வேண்டுமானால் உத்தரத்தைக் கொத்த வேண்டும். தேக்கில் உளி வைக்க ஆச்சி சம்மதிக்கவில்லை. சரி, போல்ட்டை மட்டும் புதிதாகச் செய்வோம் என்று முடிவானது.

அளந்தால் 4 நூல், அதாவது அரை அங்குலம். அங்குலத்துக்கு 12 மரை. அது வெள்ளைக்காரன் காலத்து விட்வொர்த் மரை. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்கிற இங்கிலாந்துக்காரர் வகுத்த கணக்கு. அதற்கு முன்னால் அங்கே ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒருத்தன் நட் இன்னொருத்தன் போல்ட்டில் ஏறாது. விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி. இன்றைக்கு நாம் வாங்கும் மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 60. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் எங்கிருந்தோ ஓர் அமெரிக்க அளவு போல்ட்டைக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்திருக்கிறார். அதில் அங்குலத்துக்கு 13 மரை. ரெண்டு சுற்று ஏறி இறுகிவிட்டது. நல்ல வேளை, ஸ்பானரைப் போட்டு இன்னும் முறுக்காமல் விட்டார். முறுக்கியிருந்தால் நட்டும் போயிருக்கும்.

கடையில் 4 நூல் விட்வொர்த் போல்ட் கிடைக்காமல் இல்லை, இன்றைக்கும் கிடைக்கும். ஆனால் சங்கிலி மாட்டும் உருண்டைத் தலையும் அதில் துளையும் காலரும் அதில் கிடையாது. அதுவும் போக, பழைய நட் கொஞ்சம் தேய்ந்திருப்பதால் கடை போல்ட் உள்ளே போய் லொடலொடவென்று ஆடும். அந்த ஊஞ்சலில் பேரப்பிள்ளைகள் நாலைந்து பேர் ஒன்றாக ஏறி ஆடுவார்கள்.

அதனால் ரெண்டு மாதிரித் துண்டுகளைக் கடைந்தேன். இந்த மரைக்குக் கணக்குப்படி ஆழம் 53 தௌ, ஆயிரத்தில் 53 பங்கு அங்குலம். ஒன்றை 53-லும் இன்னொன்றை 49-லும் நிறுத்தினேன். பைக்கில் கானாடுகாத்தான் போய், ஏணி போட்டு ஏறி, ரெண்டையும் திருகிப் பார்த்தேன். 53 ஆடியது. 49 வெண்ணெய் மாதிரி ஏறி ஆடாமல் நின்றது. அப்புறம் திரும்பி வந்து ஒன்றரை அங்குல ராடை, தலையை விட்டுவிட்டு, அரை அங்குலத்துக்குக் கடைந்து இறக்கினேன். இரும்பை வெட்டும் டூலை 55 டிகிரிக்குச் சாணை பிடித்தேன். என் லேத் பஞ்சாபில் பட்டாலாவில் வார்த்தது, என்னைவிட வயசு கூடுதல். டூலை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை. அதனால் 20 பல்லுக்கு 60 பல் கியரை மாட்டினால் 12 மரை விழும். 12 என்பது 4-ஆல் வகுபடும் எண் என்பதால் டூலை அந்தத் திருகோடு கோத்துவிடும் ஆஃப் நட்டை எங்கே வேண்டுமானாலும் போடலாம், டூல் பழைய தடத்திலேயே போய் உட்காரும். இதுவே மில்லிமீட்டர் மரையாக இருந்தால் 127 பல் கியரைத் தேட வேண்டும், ஆஃப் நட்டைத் திறக்கவே கூடாது, ஒவ்வொரு தடவையும் மெஷினைப் பின்னால் ஓட்டித்தான் திரும்ப வர வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதை ஐந்தால் பெருக்கினால் 127. அந்த ஒற்றைக் கியருக்குள் இவ்வளவு கதை இருக்கிறது.

ஆயிரத்து நானூறில் இரும்பு விலை என்னவோ கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் இந்தக் கதைக்குத்தான். வந்தவரிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? "இரும்பு விலை ஏறிப்போச்சுண்ணே" என்று சொன்னேன். உடனே ஒத்துக்கொண்டார்.

என்னைக் கேட்டால், இந்தத் தொழிலின் பெரிய குறையே இதுதான். உடம்பு வலியைவிட, சம்பளத்தைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது. இரும்பை எடை போட்டு விலை கேட்கிறார்கள். யோசனைக்கு எடைக்கல் கிடையாது. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கல் வார்ப்பதைப் பார்க்க வேன் வேனாக ஆட்கள் வருகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், கைத்திறன் என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாட வேண்டியதுதான். காரைக்குடியில் கழனிவாசல் பக்கம் இருக்கும் என் பட்டறைக்கு இதுவரை கேமராவோடு வந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவரும் கேமரா ஸ்டாண்டுக்கு மரை போட வந்தவர்.

இந்த ஊர் படிப்புக்குப் பேர்போன ஊர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டிய சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இங்கேதான் இருக்கிறது. என்ஜினியரிங் காலேஜ், யுனிவர்சிட்டி எல்லாம் இருக்கிறது. அதனாலேயே இங்கே ஐ.டி.ஐ. படித்தவனைப் பார்க்கும் பார்வையில் ஒரு படி இறக்கம் உண்டு. எனக்குப் பெண் பார்த்தபோது தரகர் "மாப்பிள்ளை மெக்கானிக்கல் லைன்" என்றுதான் சொல்லி வைத்திருந்தார். பெண் வீட்டார் என் கையைப் பார்த்துவிட்டார்கள். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு சோப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் போகாது. இன்றைக்கும் கல்யாண விருந்தில் இலை முன்னால் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரர் என் கையை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பிப்பார்.

உடம்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாளெல்லாம் நின்றுதான் வேலை. நாற்பது வயசுக்கு மேல் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கும். வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் படும் இடமெல்லாம் சிலருக்கு அரிக்கும். இரும்பைக் கவ்விச் சுழற்றும் சக்கில் சாவியை விட்டுவிட்டு மெஷினைப் போட்டால் அது குண்டு மாதிரி பறக்கும். சுழலும் மெஷினில் கையுறை போடவே கூடாது, துணியைப் பிடித்தால் விரலோடு இழுத்துக்கொள்ளும். இது வெளியாட்களுக்குப் புரியாது. "பாதுகாப்புக்கு கிளவுஸ் போடுங்கண்ணே" என்று அன்பாகச் சொல்வார்கள்.

கோயம்புத்தூரில் நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் கண்ணாடி கேட்டேன். அடுத்த மாதம் என்றார்கள். நாலு அடுத்த மாதம் போனது. வார்ப்பிரும்பைச் சாணை பிடிக்கும்போது ஒரு பொறி வலது கண்ணில் ஏறிவிட்டது. தூசி என்று நினைத்து ராத்திரி முழுக்கக் கசக்கினேன். காலையில் கண் டாக்டர் ஊசி முனையால் அதை எடுத்தார், அதைச் சுற்றித் துரு வளையம் பிடித்திருந்ததையும் சுரண்டினார். ரெண்டு நாள் லீவுக்குச் சம்பளம் பிடித்துக்கொண்டார்கள். அப்போது என் வாரச் சம்பளம் 350 ரூபாய். என் பட்டறையில் இன்றைக்குக் கண்ணாடி இல்லாமல் யாரும் சாணைப் பக்கம் போக முடியாது, பக்கத்து வீட்டுக்காரர் அரிவாள்மணை தீட்ட வந்தாலும் சரி.

இவ்வளவு சொல்லிவிட்டு, பிறகு ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள்.

விட முடியவில்லை. டூல் இரும்பைத் தொட்டதும் ஒரு சத்தம் வரும். சரியாக வெட்டினால் பட்டுப்புடவையைக் கிழிக்கிற மாதிரி ஒரே சீராக இருக்கும். டூல் மழுங்கினாலோ ராட் அதிர்ந்தாலோ சத்தம் கரகரக்கும். முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாலும் உதவியாளர் போட்ட கட் தப்பு என்று காது சொல்லிவிடும். கடைந்த ஷாஃப்டின் மேல் விரல் நகத்தை ஓட்டினால் எந்த இடத்தில் வரி விழுந்திருக்கிறது என்று தெரியும். பேரிங்கை மாட்டும்போது அது ஷாஃப்டில் ஏறுகிற விதம் இருக்கிறதே, இறுக்கமும் இல்லாமல் தளர்ச்சியும் இல்லாமல்... கவுனி அரிசி சரியான பதத்தில் வெந்தால் சமையல்காரர் முகத்தில் ஒரு களை வருமே, அது அன்றைக்கு என் முகத்தில் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள்.

அப்புறம், ஊருக்கு நாம் வேண்டும். அரிசி மில் ஷாஃப்ட் முறிந்தால், செக்கு நின்றால், போர்வெல் மோட்டாரின் புஷ் தேய்ந்தால், டிராக்டர் பின் கழன்றால், முதலில் அடிக்கும் போன் என்னுடையதுதான். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்குச் சமையல் மாஸ்டர் ஒருத்தர் கிரைண்டர் ஷாஃப்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மாவு பாதியில் நிற்கிறது. ரெண்டு மணிக்கு முடித்துக் கொடுத்தேன். மறுநாள் மூன்று ஊர்க்காரர்கள் சாப்பிட்ட பணியாரத்தில் என் பங்கும் உண்டு என்று எனக்கும் மாஸ்டருக்கும் மட்டும் தெரியும்.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அப்பா "சி.என்.சி. படிச்சா ஏ.சி. ரூம்ல வேலைன்னு சொல்றாங்களே" என்றார். உண்மைதான். சி.என்.சி. என்றால் கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடும் மெஷின். அதை நான் எதிர்க்கவில்லை. நான் அரை நாள் போடும் மரையை ஜி76 என்று கட்டளை கொடுத்தால் மெஷினே போட்டுவிடும், நூறு போல்ட்டும் அச்சு மாதிரி இருக்கும். ஆனால் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஐ.டி.ஐ. முடித்த நம் பையன்களில் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கதவைத் திறக்கிறார்கள், இரும்பை மாட்டுகிறார்கள், பச்சைப் பட்டனை அழுத்துகிறார்கள், கதவைத் திறக்கிறார்கள். ஷிஃப்ட் முழுக்க இதுதான். கான்ட்ராக்ட் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கையில் தொழில் இருக்காது. அதே மெஷினுக்கு ப்ரோகிராம் எழுதி, டூல் செட் பண்ணி, அளவு மாறிப்போகும்போது எங்கே திருத்த வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் சம்பளம். சிங்கப்பூர்க்காரன் தேடுவதும் அவனைத்தான். என் கண்ணில் பட்டவரை, அந்த இடத்துக்குப் போனவர்கள் பெரும்பாலும் கை லேத்தில் இரும்பை நாசம் பண்ணிக் கற்றுக்கொண்டவர்கள்.

இந்த நாசம் பண்ணுவதற்குத்தான் இன்றைக்கு இடமில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பையனாக இருந்தால் 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்து ஆயிரம் ரூபாயும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் ரெண்டு வருடத்தில் ஒரு பையன் லேத்தைத் தனியாகத் தொடும் மணிநேரத்தை எண்ணிப் பாருங்கள். மிச்சத்தைப் பட்டறையில்தான் கற்க வேண்டும். 1961-லேயே தொழிற்பழகுநர் சட்டம் வந்துவிட்டது. 2016-ல் தொடங்கிய திட்டத்தில் பழகுநர் ஊதியத்தில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. அந்தக் கணக்குக்குள் வர நாலு பேராவது வேலை பார்க்கும் இடமாக இருக்க வேண்டும். என் பட்டறையில் நானும் ஓர் உதவியாளரும்தான். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் என்று சுற்றிவந்தால் லேத் பட்டறைகள் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும். மரை போடத் தெரிந்தவன் இருக்கும் இடத்துக்குப் பணம் வராது, பணம் வருகிற இடத்தில் பட்டன்தான் இருக்கிறது. இந்த நாலு பேர் கணக்கை யார் போட்டார்களோ, ஒரு நாள் என் பட்டறைக்கு வந்து பார்த்தால் தேவலை.

அதனால் அந்த அப்பாவிடம் சொன்னது இதுதான். டர்னரிலோ மெஷினிஸ்ட்டிலோ சேருங்கள். மெஷினிஸ்ட் என்றால் மில்லிங், கிரைண்டிங் எல்லாம் சேர்ந்து வரும், என்னைக் கேட்டால் அதுவே நல்லது. லீவு நாளில் என்னிடம் அனுப்புங்கள். பெரிசாகக் கொடுக்க முடியாது, சாப்பாடும் பஸ் காசும் தருகிறேன். ஒரு வருடத்தில் என் இரும்பு கொஞ்சம் வீணாகும், போகட்டும். ஐ.டி.ஐ. முடித்ததும் சி.என்.சி. படிக்கட்டும், கோயம்புத்தூர் போகட்டும். இங்கேயே என்னை மாதிரி உட்கார்ந்துவிட வேண்டாம்.

அப்பா யோசித்துக்கொண்டிருந்தார். பையன் மேஜையில் கிடந்த 49 தௌ மாதிரித் துண்டை எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மரை மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தான். நான் சொல்லித் தரவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரட்டுமா அண்ணே?" என்றான்.

வா என்றேன். செருப்போடு வராதே, ஷூ போட்டுக்கொண்டு வா, முழுக்கைச் சட்டை வேண்டாம் என்றேன். அவன் வலது மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு, மேலே ஒரு வெள்ளிக் காப்பு. ரெண்டையும் கழற்றிவிட்டு வா என்றதும் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. பிள்ளையார்பட்டியில் கட்டிய கயிறாம், கழற்றக் கூடாதாம். சுழலும் சக் பக்கத்தில் கயிறு போனால் கையே போய்விடும் என்று விளக்கிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. கடைசியில் லேத்துக்கு மேலே சுவரில் நான் மாட்டியிருக்கும் பிள்ளையார் படத்தைக் காட்டி, வேலை நேரத்தில் கயிறு அவர் கழுத்தில் தொங்கட்டும், போகும்போது எடுத்துக் கட்டிக்கொள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் பையன் வந்தான். ஆணி உயரத்துக்கு எட்டவில்லை, ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினான்.