என்செலடஸ்ல உயிர் இன்னும் கண்டுபிடிக்கலங்க
சனியோட நிலா என்செலடஸ்ல உயிர் இருக்குறத காசினி விண்கலம் உறுதி பண்ணிடுச்சுனு மேல இருக்குற பதிவோட தலைப்புல போட்டிருக்கீங்க, அது தப்புங்க. 2005ல காசினி பாத்தது தென்துருவ விரிசல்கள்லேர்ந்து பீச்சியடிக்குற நீராவியும் பனித்துகளும், அதுல ஹைட்ரஜன் இருக்குனு 2017ல சொன்னாங்க, பழைய டேட்டாவ திரும்ப அலசி 2023ல பாஸ்பேட்டும் (உயிருக்குத் தேவையான பாஸ்பரஸ் இருக்குற உப்பு) கண்டுபிடிச்சாங்க, எல்லாமே பெரிய விஷயம்தான், ஆனா உயிர் வாழத் தேவையானது இருக்குங்குறதும் உயிரே இருக்குங்குறதும் வேற வேற. அந்த ஹைட்ரஜன் சூடான பாறையும் தண்ணியும் வினை புரிஞ்சாலே வரும், உயிர் எதுவும் வேணாம். உயிரத் தேடுறதுக்குனு காசினில கருவியே வைக்கல. வியாழனோட நிலா யூரோப்பாவுக்கு 2024ல கிளம்புன கிளிப்பர் விண்கலம்கூட 2030ல போய் பாக்கப்போறது அங்க உயிர் வாழ முடியுமாங்குறதத்தான். தயவுசெஞ்சு தலைப்ப மாத்துங்க, இத அப்படியே நம்பி ஷேர் பண்ணிட்டிருக்காங்க.