ஸ்டூல் போட்டுவிட்டால் போதுமா?

டிசைன் படிக்கிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, "ஐடியா எல்லாம் எங்கிருந்து வருது?" என்பதுதான். புது புராஜெக்ட் கொடுத்ததும் என் வகுப்பில் பாதிப் பேர் திறப்பது பின்டரெஸ்ட் என்ற படத் தளத்தை. என்னைக் கேட்டால் தி. நகருக்குப் போகச் சொல்வேன். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, ரங்கநாதன் தெருவில் ஏதாவது ஒரு துணிக்கடையில் அரை மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். துணியைப் பார்க்க வேண்டாம், அதை எடுத்துப் போடுகிறவர்களைப் பாருங்கள்.

பகலில் ஒர்க்‌ஷாப், தலையெல்லாம் பிளைவுட் தூள், ராத்திரியில் ஜூரிக்கான, அதாவது எங்கள் வேலையை மதிப்பிடுகிறவர்களுக்குக் காட்டுவதற்கான, வரைபட ஷீட். எங்கள் அன்றாடம் இவ்வளவுதான். இந்த செமஸ்டரில் நான் எடுத்திருப்பது கடை ஊழியர்களுக்கான இருக்கை.

நம் மாநிலத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்றார்கள். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் வேலை பார்த்த பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டு, முதலில் கழிப்பறைக்காகவும் அப்புறம் உட்காருவதற்காகவும் போராடினார்கள். அதன் பலன்தான் இது.

சரி, சட்டம் வந்தாயிற்று. பல கடைகளில் ஸ்டூலும் வந்தாயிற்று. ஆனால் யாரும் உட்காருவதில்லை. ஏன் என்று கேட்டபோது சுடிதார் செக்‌ஷனில் ஒரு அக்கா சொன்னார்: "இருக்குதும்மா. உட்கார்ந்தா கஸ்டமருக்கு நான் தெரிய மாட்டேன், எனக்கும் கஸ்டமர் தெரிய மாட்டாங்க. சூப்பர்வைசர் பார்த்தா, ஆள் எங்கேன்னு தேடுவார்."

அளந்து பார்த்தேன். கவுண்டர் மூன்றடிக்குக் கொஞ்சம் கூட. ஸ்டூல் ஒன்றரை அடி. உட்கார்ந்தால் தோள் மட்டம் ஏறக்குறைய கவுண்டர் விளிம்புக்கு வந்துவிடுகிறது, தலை மட்டும்தான் மேலே எட்டிப்பார்க்கும். கவுண்டருக்கும் பின்னால் இருக்கும் ரேக்குக்கும் நடுவே ஒரு ஆள் திரும்பத்தான் இடம். ஸ்டூலை அங்கே போட்டால் பக்கத்தில் வேலை செய்கிறவருக்குக் கால் இடிக்கும். அதனால் அது மூலையில் பில் புத்தகங்களைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அந்த அக்காவுக்கு வேலை முடிகிற நேரத்தில் கணுக்கால் வீங்கிவிடுகிறதாம். செருப்பு வார் பதிந்த தடத்தைக் காட்டினார்.

பழைய பட்டுச் சேலைக் கடைகளை நினைத்துப் பாருங்கள். வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் எடுத்துக் காட்டுகிறவரும் உட்கார்ந்திருப்பார், வாங்குகிறவரும் உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக் கவுண்டர் வந்த பிறகு கல்லாவில் இருப்பவருக்கு மட்டும் நாற்காலி மிஞ்சியது. இதைப் பழக்கம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. யாரோ வரைந்த கவுண்டர் இது. அதை இன்னொரு முறை வரைய முடியும்.

இப்போது முயல்வது, பாதி நின்று பாதி சாய்ந்து உட்காரும் உயரமான இருக்கை. இரண்டேகால் அடிக்குப் பக்கத்தில் வைத்து, முன்பக்கம் லேசாகச் சரித்திருக்கிறேன். இதில் உட்கார்ந்தால் முகத்தோடு தோளும் கவுண்டருக்கு மேலே தெரியும், எழுந்திருக்க முட்டியை ஊன்ற வேண்டியதில்லை. ரேக்கின் அடியிலேயே கீல் வைத்து மடக்கிவிடுவதால் நடைபாதையையும் அடைக்காது. புடவையில் எப்படி உட்கார வருகிறது என்பது இன்னும் சரியாகவில்லை. முன்சரிவில் பட்டும் சிந்தெடிக்கும் வழுக்குகின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பயனாளரின் வலியைப் புரிந்துகொள் என்று எங்களுக்குச் சொல்லித்தரும் அதே துறையில், இன்டெர்ன் ராத்திரி பதினொரு மணிக்கும் சாப்பிடாமல் ஃபைல் ஏற்றிக்கொண்டிருப்பது சாதாரணம். பக்கத்து மேசையில் இருப்பவர் சாப்பிட்டாரா என்று கேட்கத் தோன்றாதவர்கள் கடை ஊழியரின் காலுக்கு எப்படி டிசைன் செய்வார்கள்?

துணிக்கடை, நகைக்கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு கவுண்டரை மட்டும் கொடுங்கள். இருக்கையை நானே கொண்டுவந்து மாட்டுகிறேன். ஆடி கூட்டம் ஓய்ந்த பிறகு வந்தாலும் சரி. ஒரே நிபந்தனை, உட்கார்ந்து பார்த்துக் கருத்து சொல்ல வேண்டியவர்கள் அங்கே நிற்கிறவர்கள்தான், முதலாளி அல்ல.