லென்ஸுக்கு முன்னால் டைட் டேபிள்

டிசம்பர் லீவு நெருங்கினால் மும்பைத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான்: "அந்தமான் போறோம், பறவை எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?" லென்ஸ் அப்புறம் இருக்கட்டும். போகிற ஊரின் டைட் டேபிளை, அதாவது கடல் ஏறும், வற்றும் நேர அட்டவணையை முதலில் பாருங்கள். உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் சேறு வெளியே தெரியும்போது மேயும், தண்ணீர் மூடினால் ஒதுங்கி நிற்கும். ஏற்றமும் வற்றமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டுமே அதிகம். காலை வெளிச்சமும் ஏறுகிற தண்ணீரும் சேர்ந்து வரும் நாட்களைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

பழக ஊரிலேயே இடம் இருக்கிறது. செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் ஏறினால் சிவ்ரி சேற்றுக்கரை. முழு வற்றத்தில் பறவைகள் எங்கோ புள்ளியாகத் தெரியும். முழு ஏற்றத்தில் சேறே இருக்காது. உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போய் அசையாமல் உட்காருங்கள். தண்ணீரே பறவைகளை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். சேற்றில் மட்டும் இறங்க வேண்டாம், கால் புதைந்துவிடும். 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த தாணே கழியில் பூநாரை பார்க்க ஐரோலியிலிருந்து படகு போகிறது. அதன் நேரமும் டைட்டைப் பொறுத்ததுதான்.

எக்ஸ்போஷரில், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். சிவ்ரியின் கருஞ்சேற்றைப் பார்த்து கேமரா படத்தை வெளுக்க வைக்கும், வெள்ளைக் கொக்கின் இறகு விவரமே இல்லாமல் எரிந்துபோகும். அங்கே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7 முதல் 1 வரை வையுங்கள். அந்தமான், லட்சத்தீவின் வெள்ளைப் பவள மணலில் கதை தலைகீழ்: கேமரா இருட்டாக்கும், உள்ளான் கருப்புக் கட்டியாகிவிடும். பிளஸ் 0.7 வேண்டும். கருப்பும் வெள்ளையும் கலந்த நண்டுதின்னி மாதிரி பறவைக்கு வெள்ளையைக் காப்பாற்றுங்கள். நிழலை கேமராவின் பதப்படுத்தாத ரா ஃபைலில் மீட்கலாம், எரிந்த வெள்ளை திரும்பாது. ஷட்டர் வேகம் ஓடும் பறவைக்கு 1/1000 நொடி, பறப்பதற்கு 1/2000க்கு மேல்.

நின்றுகொண்டு எடுத்தால் பின்னணி முழுக்க மணல்தான். படுத்து, பறவையின் கண் உயரத்துக்கு லென்ஸை இறக்குங்கள். லென்ஸைத் தாங்க, அரிசி நிரப்பிய துணிப்பையை ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்தால் போதும். வெயில் ஏறினால் மணலுக்கு மேல் காற்று நடுங்கும். அந்தக் குழைவை எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாலும் தீர்க்க முடியாது. தூரத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

தூரத்தைக் குறைப்பது என்றால் துரத்துவது அல்ல. கூட்டம் பறக்கும் படத்துக்காகக் கைதட்டுவதும் கல்லெறிவதும் எனக்குத் துளியும் பொறுக்காத விஷயம். 2022-ல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு இறங்காமல் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்தது. அப்படிப்பட்ட பயணத்துக்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்க வேண்டும், அதுவும் தண்ணீர் விட்டுவைக்கும் சில மணி நேரத்துக்குள். ஒற்றைக்காலில் நிற்கும் பறவை மறுகாலை இறக்கினால், மேய்வது கழுத்தை நீட்டிப் பார்த்தால், நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே நில்லுங்கள், தேவையானால் பின்வாங்குங்கள். ஏற்றக்கோட்டுக்கு மேலே வெறும் மணலில் முட்டையிடும் உப்புக்கொத்தியும் ஆலாவும் உண்டு. தாய் எழுந்தால் வெயிலில் முட்டை வெந்துவிடும்.

வற்றத்தில் பாறை இடுக்கில் தண்ணீர் தேங்கும் பாறைக்குட்டைகளுக்கு பாந்த்ரா கார்ட்டர் ரோடு நல்ல இடம். தண்ணீரின் பளபளப்பை லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் வெட்டும், ஆனால் நீர்மட்டத்திலிருந்து சுமார் 37 டிகிரி சரிவில் பார்த்தால்தான். ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கு மேல் வெளிச்சம் போகும். நேர் மேலிருந்து எடுக்கும்போது அது உதவாது, கருப்புக் குடையைப் பிடியுங்கள். போனின் தண்ணீர் தாங்கும் ஐபி68 தரம் நல்ல தண்ணீரில் சோதித்தது, உப்புநீருக்கு அதை நம்பாதீர்கள்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படியும். அறைக்குள்ளேயே ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே அரை மணி நேரம் கழித்துத் திறவுங்கள். கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, பிறகு காயவையுங்கள்.

பாறைக்குட்டையில் புரட்டிய கல்லை அதே பக்கமாகத் திருப்பி வையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் உயிர்கள் வெயில் பட்டால் செத்துவிடும். கூம்புச் சங்கைக் கையில் எடுக்கவே கூடாது, அதன் விஷம் ஆளைக் கொல்லும். செத்த பவளமானாலும் பையில் போடாதீர்கள், 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.